பூவை விட்டுக் காம்பைப் பாருங்கள்

நண்பர்களே, திரையில் நீங்கள் பார்ப்பது பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனே 1882 வாக்கில் வரைந்த படம். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திரையில் பெரிதாகத் தெரிகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். அசல் சுமார் 56 சென்டிமீட்டர் உயரம், 35 அகலம்தான். ஒரு கண்ணாடி ஜாடி, கொஞ்சம் கார்னேஷன், ஊதாவில் கிளெமட்டிஸ் என்ற கொடிப்பூ. அவ்வளவுதான் படம்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்தவுடன் மனேயின் நோயைச் சொல்வார்கள். உண்மைதான். அப்போது அவருக்கு நடப்பதே கஷ்டமாக இருந்தது. நண்பர்கள் கொண்டுவந்த பூக்களை உட்கார்ந்தபடியே சின்னச் சின்னப் படங்களாக வரைந்தார். 1883 ஏப்ரலில் இடது காலை எடுத்தார்கள். அதே மாதம் 30ஆம் தேதி, 51 வயதில் இறந்துபோனார். இதைக் கேட்டுவிட்டுப் பார்த்தால் பூவெல்லாம் வாடியதாகவே தெரியும்! தயவுசெய்து அந்தக் கதையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்தப் படத்தில் துக்கம் எதுவும் இல்லை.

சரி, ஜாடியின் கீழ்ப்பாதிக்கு வாருங்கள். என்னைக் கேட்டால் படமே அங்கேதான் இருக்கிறது. தண்ணீருக்கு நிறமில்லை, கண்ணாடிக்கும் இல்லை. பிறகு எதை வரைவது? காம்புகளுக்குச் சில பச்சை இழுப்புகள், இடையில் சாம்பல் நீலம், வெளிச்சம் படுகிற இடத்தில் வெள்ளைத் தீற்றல். கிட்டே போனால் வெறும் சாயம்; இரண்டடி பின்னால் வந்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் பூசுகிற முறை இது. கை தயங்கினால் எல்லாம் குழம்பிச் சேறாகிவிடும்.

பிரெஞ்சுக் கலை அகாதமி ஓவிய வகைகளுக்கு வைத்திருந்த தர வரிசையில் வரலாற்று ஓவியம்தான் உச்சியில். பூ, பழம், பாத்திரம் மாதிரி அசையாப் பொருள்களை வரைகிற ஸ்டில் லைஃப் கடைசி. மனே அதைச் சட்டை செய்யவில்லை. பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனில் 1882இல் வைத்த பெரிய படம், ஃபோலி-பெர்ஜேர் என்ற கேளிக்கை அரங்கின் மதுக்கூடத்தைக் காட்டுவது. அதிலும், பரிமாறும் பெண்ணுக்கு முன்னால் கண்ணாடிக் குவளையில் இரண்டு ரோஜாக்களை வைத்திருக்கிறார். அவள் முகத்துக்குக் காட்டிய அக்கறையில் குறைவே இல்லை.

காம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 1880இல் ஆஸ்பராகஸ் என்ற காய்கறியின் தண்டுகளை ஒரு கட்டாக வரைந்து 800 பிராங்க் விலை சொன்னார். வாங்கிய கலைச் சேகரிப்பாளர் சார்ல் எஃப்ருஸி 1000 அனுப்பிவிட்டார். மனே சும்மா இருப்பாரா? ஒரே ஒரு தண்டைத் தனியாக வரைந்து, உங்கள் கட்டிலிருந்து இது ஒன்று விட்டுப்போயிற்று என்று எழுதி அனுப்பினார். கட்டு இன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கிறது. விட்டுப்போன தண்டு ஓர்சேயில். அடுத்த படம் அதுதான், போடுங்கள்.