சுண்டுவிரல் துடித்த இரவு

நேயர்களுக்கு வணக்கம். மாரி வேளாண்மைக்காகப் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் வயல் வட்டைகளில் தண்ணீர் கட்டி நிற்கும் மாதங்களில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு, கொக்குகளிலும் பன்றிகளிலும் உள்ள ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரசை மனிதருக்குக் கடத்துகிறது. தொற்றுக்குள்ளாகும் ஏறத்தாழ 250 பேரில் ஒருவரே கடுமையாக நோயுறுகிறார். அவ்வாறு நோயுற்றவர்களிலோ 100க்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். இந்த வைரசை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. எனவே, யாருடைய நிலை மோசமாகப் போகிறது என்பதை நேரத்தோடு கண்டுகொள்வதே மருத்துவர்களான எங்கள் வேலையில் பாதி.

அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 1974இல் கிளாஸ்கோ நகரின் டீஸ்டேல், ஜெனெட் என்ற இரு மருத்துவர்கள் நோயாளியின் உணர்வுநிலையை அளக்க வகுத்த அளவுகோலில், கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள் உள்ளன. எதற்குமே அசைவு காட்டாதவருக்கும் 3 உண்டு. 8க்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால் ஆபத்து என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு தடவை பார்த்த எண்ணை நான் நம்புவதில்லை. காலையில் 12, மதியம் 10, பொழுதுபட 9 என்று தாதி எழுதிவைத்த தாளே எனக்குப் பேசும்.

அப்படியொரு தாளை மட்டும் நம்பி நான் தவறிய இரவொன்று உண்டு. வயலில் காவலிருந்த இளைஞர் ஒருவர் மயங்கிக் கிடந்தார்; வலிப்பு நின்றுவிட்டது என்று எண்ணி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அவருடைய அம்மம்மா என் பின்னாலேயே வந்து, "டொக்டர் மகன், இவன்ட சுண்டுவிரல் துடிச்சிட்டே இருக்குது, வந்து பாருங்க" என்றார். குளிராக்கும் என்றேன். அவர் விடவில்லை. திரும்பிச் சென்று பார்த்தபோது, விரலோடு இமையோரமும் துடித்தது, வாயில் எச்சில் வழிந்தது, மூச்சும் சீரற்றிருந்தது. உடல் முழுவதும் உதறாமலே மூளைக்குள் வலிப்பு தொடர்ந்துகொண்டிருந்தது. ஓயாத வலிப்பும் மூளைக்குள் ஏறும் அழுத்தமும் இந்நோயில் மரணத்தை நெருங்கவைப்பவை. மருந்தேற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். பிழைத்தார், நடை மட்டும் இழுக்கிறது. தாளில் இல்லாததை அந்த அம்மம்மா கண்டார் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆகவே கட்டிலருகே இருக்கும் உறவினர்களே, துடிப்பு எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

தடுப்பூசி பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிந்ததென்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள். இலங்கையில் 1988 முதல் அது வழங்கப்படுகிறது. பிள்ளையின் அட்டையில் ஒரு வயதுக்குரிய அந்த ஊசி போடப்பட்டுள்ளதா என்பதை இன்றே பாருங்கள். நன்றி, வணக்கம்.