படர்தாமரைக் களிம்பும் என் இடது கண்ணும்

வணக்கம். இன்று ஊர் சுற்றப் போகவில்லை. வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்துதான் பேசுகிறேன். பின்னால் தெரிகிற இந்தக் கம்பிகளைப் பாருங்கள். மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு காலையில் வலது கண்ணில் தூசி விழுந்தது. அதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால், நடுவில் இரண்டு கம்பிகள் நெளிந்து தெரிந்தன. அந்த இடத்தில் மங்கலாக ஒரு சாம்பல் வட்டம். என் மகளின் முகம்கூட அந்தக் கண்ணுக்குச் சற்றுச் சிறியதாகத் தெரிந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. அதனாலேயே பத்து நாள் சும்மா இருந்துவிட்டேன். அது தவறு.

விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்த டாக்டர் படத்தைக் காட்டினார். விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் நீர் கோத்து, தோசையில் எழும்பும் கொப்புளம் மாதிரி ஒரு மேடு. சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி என்று பெயர். விழித்திரைக்குப் பின்னால் இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு படலம் இருக்கிறது. அது தடித்துக் கசியும்போது, இடையில் காவல் நிற்கும் செல் அடுக்கும் தளர்ந்துவிடுகிறது. நீர் உள்ளே புகுந்துவிடுகிறது. 1866-இலேயே ஜெர்மானியக் கண் மருத்துவர் கிரேஃபே எழுதிவைத்த நோய் இது. இருபதிலிருந்து ஐம்பது வயதுக்குள் உள்ள ஆண்களுக்கே அதிகம் வருகிறது. எனக்கு வயது 38.

"ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். "மாத்திரையே சாப்பிடுவதில்லை, சார்" என்றேன். அவர் விடவில்லை. "மூட்டில் ஊசி? மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே? இன்ஹேலர்? தோலில் பூசும் களிம்பு?"

களிம்பு! இதோ, இந்த டியூப். பெயரை விரலால் மறைத்திருக்கிறேன். இந்தப் பொடி எழுத்து தெரிகிறதா? குளோபெட்டசால். வீரியமான ஸ்டீராய்டு. படர்தாமரை என்று மருந்துக்கடையில் சொன்னேன், சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஏழு மாதம் தொடையிலும் இடுப்பிலும் பூசினேன். பூசினால் அரிப்பு அடங்கும், விட்டால் இரண்டு மடங்காகப் படரும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. அறிவித்து என்ன பயன்? நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

களிம்பு ஒன்றுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. தூக்கமின்மை, மன அழுத்தம் எல்லாம் சேரும். அப்போது உடம்பே சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் ஸ்டீராய்டுதான். ஆனால் வெளியிலிருந்து எந்த வழியாகப் போனாலும் இந்த நோய்க்கு அது எண்ணெய் வார்ப்பதுதான் என்றார். களிம்பை நிறுத்தி, தோல் டாக்டரிடம் பூஞ்சைக்கான மருந்து வாங்கினேன். பெரும்பாலோருக்கு மூன்று நான்கு மாதங்களில் நீர் தானாக வடிந்துவிடும். சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும். எனக்குப் பாதி வடிந்திருக்கிறது.

இதைக் கேட்ட என் அம்மா ஒரு காரியம் செய்தார். முடக்குவாதத்துக்குப் பல வருடங்களாக பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். என் கதையைக் கேட்டுப் பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் எழுந்திருக்கவே முடியவில்லை, தலைசுற்றல், வாந்தி. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தால், கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் சேர்த்து மறுபடி தொடங்கினோம். இப்போது டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறார். வருகிற வெள்ளிக்கிழமை எனக்கு அடுத்த ஸ்கேன். அம்மாவையும் அழைத்துப் போகிறேன். நீண்ட நாள் ஸ்டீராய்டால் வரக்கூடிய கண் அழுத்தமும் புரையும் அவருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.