மேக்ஸ்வெல்லின் பூதம்

அனைவருக்கும் வணக்கம்.

சோதனை என்றாலே கருவி, பணம், அனுமதி என்று பலதும் வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே செய்யும் சோதனை ஒன்று உண்டு, சிந்தனைச் சோதனை. கற்பனைதானே, யாரும் செய்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கதை எழுதுகிறவருக்கு இருக்கும் சுதந்திரம் இங்கே கிடையாது. ஒன்றை மட்டும் கற்பனையாக வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் விதிப்படியே நடக்க வேண்டும். அப்படிப் போகும்போது எங்கே முட்டுகிறதோ, அங்கேதான் நமக்கு லாபம்.

கலிலியோவைப் பாருங்கள். கனமான பொருள் வேகமாக விழும் என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. 1638இல் வெளிவந்த தன் நூலில், பெரிய கல்லின் வேகம் எட்டு, சின்னக் கல்லின் வேகம் நான்கு என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துக் கட்டிப் போட்டால்? மெதுவான கல் மற்றதைப் பின்னுக்கு இழுக்கும், எனவே வேகம் எட்டுக்குக் குறைவு. ஆனால் இரண்டும் சேர்ந்தால் கனம் கூடுகிறதே, எனவே வேகம் எட்டுக்கு மேல்! ஒரே நம்பிக்கையிலிருந்து எதிரெதிரான இரண்டு விடைகள். பைசா கோபுரத்தில் அவர் ஏறினாரா இல்லையா என்று இன்னமும் பேசுகிறார்கள். இந்த வாதத்துக்குக் கோபுரமே தேவையில்லை.

கலிலியோவின் சோதனை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. எனக்குப் பிடித்தது முடியாமல் இழுத்துக்கொண்டே போன ஒன்று. 1867இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தன் நண்பர் டேட்டுக்கு எழுதிய கடிதத்தில் அது பிறந்தது.

காற்று நிறைந்த ஒரு பெட்டி, நடுவே தடுப்பு, தடுப்பில் குட்டிக் கதவு. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கக்கூடிய ஓர் உயிர் அங்கே காவல் நிற்கிறது. வேகமானவற்றை வலப்பக்கம் விடும், மெதுவானவற்றை இடப்பக்கம் விடும். கதவைத் திறந்து மூட உழைப்பே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் சூடு, இடப்பக்கம் குளிர்ச்சி. ஆறிப்போன காபி தானாகச் சூடாகாது என்கிறதே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, அது என்ன ஆயிற்று? இந்தக் காவலாளிக்குப் பூதம் என்று பெயர் வைத்தவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு.

விதி பிழைக்க வேண்டுமானால், பூதம் எங்கோ விலை கொடுத்தாக வேண்டும். எங்கே? 1929இல் இயற்பியலாளர் லியோ சிலார்டு, ஒரே ஒரு மூலக்கூறு உள்ள பெட்டியை வைத்து யோசித்து, அளந்து பார்ப்பதில்தான் செலவு என்றார். 1961இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ரால்ஃப் லாண்டவர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். ஒரு பிட் தகவலை, அதாவது ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றை விடையை, அழிக்கும்போது குறைந்தபட்சம் இவ்வளவு வெப்பம் வெளியேறியே தீரும் என்று கணக்கிட்டார். அறை வெப்பநிலையில் அது சுமார் 3 × 10⁻²¹ ஜூல். 1982இல் சார்லஸ் பென்னெட் இரண்டையும் இணைத்தார். பார்ப்பதற்குச் செலவே இல்லாமல் செய்ய முடியும். ஆனால் பூதத்தின் நினைவு நிரம்பிவிடும், அழித்தால்தான் வேலை தொடரும், அழிப்பதற்கு விலை உண்டு. இரண்டாம் விதி பிழைத்தது.

நம்புவதா? 2012இல் பிரான்சின் லியோன் நகரில், நீரில் மிதந்த ஒரு நுண்ணிய கண்ணாடி மணியை லேசர் ஒளியால் பிடித்து, அதையே ஒரு பிட் நினைவாக ஆக்கி, அழித்து அளந்தார்கள். மெதுவாக அழிக்க அழிக்க, வெளியேறிய வெப்பம் லாண்டவர் சொன்ன எல்லையை நெருங்கியது. கடிதம் எழுதி 145 ஆண்டுகள்! வெப்பத்தைப் பற்றிக் கேட்ட கேள்வி, தகவல் என்பதும் இயற்பியலுக்கு உட்பட்டதுதான் என்ற இடத்தில் கொண்டுவந்து விட்டது. மேக்ஸ்வெல் இதை எதிர்பார்த்திருக்க முடியாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சிந்தனைச் சோதனை ஒரு நம்பிக்கையின் உள்முரணைக் காட்டிவிடும். இயற்கை உண்மையில் எப்படி என்பதற்குக் கடைசியில் அந்தக் கண்ணாடி மணிதான் வேண்டியிருக்கிறது.

சரி, இப்போது உங்கள் முறை. இதைப் பூதம் என்று சொல்ல வேண்டாம், வால்வு என்று சொல்லுங்கள் என மேக்ஸ்வெல்லே ஒரு குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்படியே செய்வோம். பூதத்தை அனுப்பிவிட்டு, கதவில் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று மாட்டுவோம். இடமிருந்து மூலக்கூறு முட்டினால் திறக்கும், வலமிருந்து முட்டினால் திறக்காது. நினைவும் இல்லை, அழிக்கவும் ஒன்றுமில்லை. காற்று முழுதும் வலப்பக்கம் போய்ச் சேருமா? போலந்து நாட்டு இயற்பியலாளர் ஸ்மோலுகோவ்ஸ்கி 1912இலேயே விடை சொல்லிவிட்டார், நான் சொல்லப்போவதில்லை. ஒரு துப்பு மட்டும்: கதவும் மூலக்கூறுகளால் ஆனதுதான், அதுவும் சூடாகும். கேள்வி நேரம் தொடங்குகிறது. விடை தோன்றியவர்கள் முதலில் மைக்கை வாங்கிக்கொள்ளலாம்.