மனைக்கு என்ன விலை கொடுக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம். சொத்து மேம்பாடும் முதலீடும் ஒரு முதுநிலைப் படிப்பு என்றால், "நிலம் வாங்கிக் கட்டி விற்க எம்.எஸ்சி.யா?" என்று கேட்கிறார்கள். மேஸ்திரியை வைத்தே ஃபிளாட் கட்டி விற்றுப் பழகிய ஊரில் அப்படிக் கேட்பது இயல்புதான். நெடுங்காலமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில், இந்தப் படிப்பின் முதல் கணக்கை மட்டும் இன்று சொல்கிறேன். பேனா தேவையில்லை, கேட்டாலே போதும்.

சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. என்ன விலை கொடுக்கலாம்? வகுப்பில் கேட்டால், "பக்கத்து மனை என்ன விலைக்குப் போச்சு மேடம்?" என்பார்கள். ஒரு மாணவன், அவன் அப்பா பில்டர், "எங்க ஏரியா ரேட் எனக்கு மனப்பாடம்" என்றான். சரி, அந்த ரேட்டை ஓரமாக வை, ஃபிளாட் என்ன விலைக்குப் போகும் என்பதிலிருந்து ஆரம்பி என்றேன்.

எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்றால் 4800 சதுர அடி கட்டலாம். சதுர அடி 8000 ரூபாய்க்கு விற்றால் வரவு 3 கோடியே 84 லட்சம். கட்டுமானம் 1 கோடியே 20 லட்சம். அனுமதி, வட்டி, விற்பனைச் செலவு 35 லட்சம். பில்டருக்கு லாபம் 77 லட்சம். எல்லாம் போக மிச்சம் 1 கோடியே 52 லட்சம். மனைக்கு அவ்வளவுதான் கொடுக்கலாம். மறுபடியும் சொல்கிறேன்: விற்கும் விலையில் தொடங்கி, கழித்துக்கொண்டே வந்து மனைக்கு வர வேண்டும்.

இப்போது ஃபிளாட் விலை பத்தில் ஒரு பங்கு குறைகிறது. வரவில் 38 லட்சம் போச்சு. மனைக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது, சிமெண்டும் கம்பியும் விலை இறங்கப்போவதில்லை. அப்போது லாபம் பாதியாகிறது! விலையில் பத்தில் ஒன்று, லாபத்தில் பாதி.

அந்த மாணவன், வீட்டில் வாங்குவதாக இருந்த மனைக்கு இதே கணக்கைப் போட்டு அப்பாவிடம் காட்டியிருக்கிறான். அவர் முழுவதும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்: "வட்டியை எத்தனை மாசத்துக்குப் போட்ட?" அனுபவசாலியின் கேள்வி. பிளான் அனுமதி ஆறு மாதம் தள்ளிப்போனால் அந்த 35 லட்சம் எங்கே போய் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

முன்பெல்லாம் ஒரு திட்டத்துக்கு வந்த அட்வான்ஸில் அடுத்த மனையை வாங்கிச் சமாளித்தார்கள். ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் 2016 ரெரா சட்டப்படி, அதில் பதிவாகும் திட்டத்தில் வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்கலாம். அதனால் மனை வாங்கும் முன்பே கணக்கு சரியாக இருந்தாக வேண்டும்.

நேரம் நெருங்குகிறது, முதலீட்டுப் பக்கத்தைச் சுருக்கிவிடுகிறேன். வாடகை வரும் அலுவலகக் கட்டடங்களில் யூனிட்டாக முதலீடு செய்யும் ரீட், இங்கே 2019 முதல் பங்குச்சந்தையில் இருக்கிறது. அதையும் பாடத்தில் படிப்பீர்கள். பிரிட்டனில் படிக்கப் போகிறவர்கள், 1868இல் லண்டனில் தொடங்கிய, நில அளவை, சொத்து மதிப்பீடு செய்கிறவர்களின் ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழில் அமைப்பின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு உண்டா என்று பாருங்கள். பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் அங்கே சொல்லித்தர மாட்டார்கள். அதற்கு, ஊர் திரும்பியதும் ஒரு சிவில் வக்கீலிடம் சில மாதம் உட்காருங்கள். வணக்கம்.