மாசமாக இருக்கும்போது பின்தொடையில் சுள்ளென்று இழுக்கிறதா?

(காட்சி: திருப்பூர் பனியன் கம்பெனி, செக்கிங் மேசை. ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் ஸ்டூலிலிருந்து எழுகிறார். பாதி எழுந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்.)

வணக்கமுங்க. பிட்டத்தில் ஆரம்பித்து, பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வலி, அதுவும் ஒரு பக்கம் மட்டும். எனக்கு ஏழாம் மாதத்தில் இது வந்தது. "வாய்வுப் பிடிப்பு கண்ணு, பூண்டைச் சுட்டுத் தின்னு" என்றார் அம்மிச்சி. பாசத்தில் சொன்னதுதான். ஆனால் இது வாய்வு இல்லை.

(படம்: கீழ் முதுகிலிருந்து பாதம் வரை மஞ்சள் நிறத்தில் ஒரு நரம்பு.)

இதுதான் சயாட்டிக் நரம்பு. முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் 5 நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாகிறது. நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு இதுதான், கிட்டத்தட்ட ஒரு விரல் கனம் இருக்கும். பிட்டத்துக்குள் பைரிஃபார்மிஸ் என்கிற சின்னத் தசைக்கு அடியில் நுழைந்து காலுக்கு இறங்குகிறது.

கர்ப்பத்தில் ரிலாக்சின் என்ற ஹார்மோன் இடுப்பு மூட்டுகளை இளக்கிவிடுகிறது. வயிறு முன்னால் தள்ளத் தள்ள, கீழ்முதுகின் வளைவும் கூடுகிறது. இளகிய மூட்டைத் தாங்கிப் பிடிக்கப் பிட்டத்துத் தசைகள் நாள் முழுக்க இறுகியே கிடக்கின்றன. இறுகின தசை பக்கத்தில் போகிற நரம்பை உறுத்துகிறது. அந்த வலிக்குப் பெயர்தான் சயாட்டிகா. முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் விலகி வலி வருவது கர்ப்பத்தில் அரிது. அதனால் பயந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. கர்ப்பிணிகளில் சுமார் 5 பேரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டிலேயே வலி வரும். கட்டிலில் புரளும்போதும் படி ஏறும்போதும் குத்தும், ஆனால் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே போகாது. அதையும் சயாட்டிகா என்றே சொல்லிவிடுவார்கள். செக்கப்புக்குப் போகும்போது வலி எதுவரை இறங்குகிறது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

சரி, இன்றைக்கு ராத்திரியிலிருந்தே என்ன செய்யலாம்?

(காட்சி: படுக்கை. பக்கத்தில் தொய்ந்துபோன கயிற்றுக் கட்டில்.)

நடுவில் குழிந்த கயிற்றுக் கட்டில் இப்போதைக்கு வேண்டாம். வலி இல்லாத பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வையுங்கள். முழங்காலுக்கு மட்டும் வைத்தால் போதாது, கணுக்கால் வரை தாங்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் பழைய சேலையை மடித்துக் கொடுங்கள். 28 வாரத்துக்கு மேல் மல்லாந்து தூங்க வேண்டாம். எழுந்திருக்கும்போது நேராக எழ முயலாதீர்கள். முழங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். எனக்குப் பாதி நிம்மதி தந்தது இந்த ஒரு பழக்கம்தான்.

தண்ணீர்க் குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைத்துத் தூக்குவது நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இப்போது அந்தச் சாய்வுதான் வலியைக் கிளப்பும். குடத்தை வீட்டுக்காரர் தூக்கட்டும். வாசல் கூட்ட நீளப்பிடி சீமாறு வாங்குங்கள். மொபெட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவதும் இடுப்பைத் திருகிவிடும். கம்பெனியில் நின்று வேலை என்றால் ஒரு சின்னப் பலகையில் காலை மாற்றி மாற்றி வையுங்கள். உட்கார்ந்து வேலை என்றால் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு நடங்கள். சூப்பர்வைசரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

(காட்சி: நாற்காலியில் ஒருவர் செய்து காட்டுகிறார்.)

கெட்டியான நாற்காலியில் உட்காருங்கள். வலிக்கிற காலின் கணுக்காலை மற்றக் காலின் முழங்கால் மேல் வையுங்கள். முதுகை நிமிர்த்தியபடியே இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் சாயுங்கள். பிட்டத்தில் மெல்ல இழுப்பது தெரியும். மூச்சை அடக்காமல் 20, 30 விநாடி இருந்துவிட்டு மெதுவாக விடுங்கள். காலில் மின்னல் மாதிரி ஓடினால் உடனே நிறுத்துங்கள். அப்புறம், பிட்டத்தில் 10 நிமிடம் உப்பு ஒத்தடம் கொடுக்கலாம். சூட்டை முதலில் புறங்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றில் ஒத்தடம் கூடவே கூடாது.

கெஞ்சிக் கேட்கிறேன், சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் காலை வெட்டி இழுக்க விடாதீர்கள். கொட்டமுத்து எண்ணெய், அதாவது விளக்கெண்ணெய், குடிக்காதீர்கள், அது பிரசவ வலியைத் தூண்டிவிடலாம். மருந்துக்கடையில் நீங்களாக டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை வாங்காதீர்கள். 20 வாரத்துக்கு மேல் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். பாரசிட்டமால்கூட டாக்டரிடம் கேட்டுத்தான்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும், பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டாலும், காய்ச்சலோடு நீர்க்கடுப்பு இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். இடுப்பு வலி விட்டு விட்டு, சீராக வந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போய் மலம், சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் சரி, 108-ஐக் கூப்பிடுங்கள்.