கட்டைவிரலுக்கு ஒரு வேலை

(வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்பு பேசி இந்த அரங்கத்தைச் சூடேற்றிவிட்டு அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய செயலாளர் அவர்களே, வரவேற்பில் விட்டுப்போன பெயர்களை எழுந்து நினைவூட்டிய பொருளாளர் அவர்களே, வாசக நண்பர்களே, கடைசி வரிசையில் கைபேசியைப் பைக்குள் வைத்தபடியே திரையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் நான் பேச்சைத் தொடங்கினால் அது நன்றாக இருக்காது. பணி ஓய்வு பெற்ற பிறகு தமிழ்99 விசைப்பலகையைப் பழகியவர் அவர். நம்மில் பலர் இன்னும் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைத்துக்கொண்டிருக்கிறோம். அவரோ விசையைப் பார்க்காமலே அடிப்பார். எனக்கு வரும் மின்னஞ்சல்களில் ஒற்றுப்பிழை இல்லாதவை அவருடையவை மட்டும்தான். நூலகர் அம்மையாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ‘இணையமும் நற்பழக்கமும்’ என்று தலைப்பைக் கொடுத்து, ‘உங்கள் வழக்கமான இடத்துக்கே போய்விடாதீர்கள்’ என்று எச்சரிக்கையும் கொடுத்தார்கள். முயல்கிறேன் அம்மா.

ஐந்து செய்திகளோடு வந்திருக்கிறேன். கைபேசி நம்மை ஏன் விடுவதில்லை என்பது முதலாவது. கையை மீட்பது எப்படி என்பது இரண்டாவது. மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவது மூன்றாவது. இணையத்தில் போய் உட்காரத் தகுந்த இடங்கள் எவை என்பது நான்காவது. பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்பது ஐந்தாவது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். என் பேச்சை முன்பே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள். ஆமாம், இந்தப் பழமொழி இல்லாமல் நான் மேடையை விட்டு இறங்குவதில்லை. இதை எல்லோரும் விடாமுயற்சிக்குச் சொல்வார்கள். நான் இன்று முதலில் கல்லின் பக்கம் நின்று பேசுகிறேன். நம் கவனம்தான் அந்தக் கல்.

ஒரு காலத்தில் இணையப் பக்கத்துக்கு அடி இருந்தது. கீழே போனால் ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு சுட்டி இருக்கும். அதை அழுத்துவதா வேண்டாமா என்று மனம் ஒரு நொடி யோசிக்கும். அந்த ஒரு நொடிதான் நமக்கு இருந்த கதவு. 2006ஆம் ஆண்டில் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே போகப்போகப் பக்கம் தானாக நீண்டுகொண்டே வரும் முறையை உருவாக்கினார். படிப்பவருக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் செய்தார். பிற்காலத்தில் அதற்காக அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். கதவு போனது போனதுதான்.

இதற்குப் பின்னால் இருக்கும் உளவியல் இன்னும் பழையது. பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தார். பொத்தானைக் குறிப்பிட்ட தடவை கொத்தினால் தானியம் வரும் என்றால், வாங்கித் தின்ற புறா சற்று ஓய்வெடுத்துக்கொள்ளும். எந்தக் கொத்துக்கு வரும் என்று தெரியாதபடி வைத்தாலோ ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தானியத்தை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்தும். திரையைக் கீழே இழுத்துவிட்டுப் புதிதாக என்ன வருகிறது என்று பார்க்கிறோமே, சில தடவை நல்லது வருகிறது, பல தடவை ஒன்றும் வருவதில்லை. அதனால்தான் மறுபடி இழுக்கிறோம். ஹெர்பர்ட் சைமன், பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர், தகவல் பெருகப் பெருகக் கவனத்துக்குப் பஞ்சம் வரும் என்று 1971லேயே சொல்லிவைத்தார். அப்போது வலைத்தளம் என்ற ஒன்றே இல்லை. அதற்கான முன்மொழிவை டிம் பெர்னர்ஸ்-லீ எழுதியதே 1989இல்தான்.

இதை ஆராய்ச்சியாகச் சொன்னால் மறந்துவிடுவீர்கள். ஒரு கதையாகச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த கணக்காசிரியர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவர் வீட்டார் இந்த அரங்கில் இருந்தாலும் இருப்பார்கள். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக் குழாய் சொட்டத் தொடங்கியது. ‘ஆளெல்லாம் கூப்பிட வேண்டாம், யூடியூப்பில் பார்த்து நானே சரிசெய்கிறேன்’ என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். குழாயைக் கழற்றுவது பற்றிய காணொளி நாலே நிமிடம். நல்ல காணொளி. வாஷர் தேய்ந்துவிட்டது என்று புரிந்துவிட்டது. அந்த இடத்தில் எழுந்திருந்தால் எனக்கு இன்று கதை இல்லை.

அடுத்த காணொளி தானாகவே ஓடியது. அணை கட்டுவது எப்படி. குழாயிலும் தண்ணீர், அணையிலும் தண்ணீர், பொருத்தம்தானே என்று பார்த்தார். அணையிலிருந்து கடலுக்குப் போனார். கடலிலிருந்து திமிங்கலம். திமிங்கலத்துக்கு எப்படித் திசை தெரிகிறது? அங்கிருந்து, எப்படியென்று அவருக்கே தெரியாது, பூமி உருண்டையா தட்டையா என்ற இடத்தில் வந்து நின்றார். அதன் கீழே ‘உண்மைவிளம்பி’ என்ற பெயரில் ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘தட்டைதான். சந்தேகம் இருந்தால் தரையில் ஒரு கோலியை வைத்துப் பாருங்கள், உருளவில்லை.’

கணக்காசிரியருக்கு எப்படி இருக்கும்! எரட்டோஸ்தனிஸ் என்ற பழைய கிரேக்க அறிஞரில் ஆரம்பித்தார். ஈராயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு ஊர்களின் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிட்டார் ஐயா என்று கோணம், வில், விகிதம் எல்லாம் போட்டு எழுதினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே வரி: ‘அந்த நிழலை நீங்கள் நேரில் பார்த்தீர்களா?’ இவர் சந்திர கிரகணத்துக்குப் போனார். அவர், ‘கிரகணம் அன்று நான் தூங்கிவிட்டேன்’ என்றார். இவர் கப்பலின் பாய்மரத்துக்குப் போனார். அவர், ‘எனக்கு நீச்சல் தெரியாது’ என்றார். மணி பன்னிரண்டு. மனைவி உள்ளேயிருந்து, ‘குழாய் என்ன ஆச்சு?’ என்று கேட்கிறார். ‘இரு, ஒரு முட்டாளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்!’

அப்போது பக்கத்து அறையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், கல்லூரியில் படிக்கும் மகன் போர்வைக்குள் கைபேசியோடு கிடக்கிறான். திரையில் பெயர் ‘உண்மைவிளம்பி’. மகன் சொன்னானாம்: ‘அப்பா, நீங்களா அது? யாரோ எங்கள் வீட்டு ஆள் மாதிரியே பேசுகிறாரே என்று பார்த்தேன்.’ இருவரும் பேச்சு மறந்து நிற்கும்போது கால் நனைகிறது. சொட்டு ஒழுக்காகி, வாளி நிரம்பி, தண்ணீர் கூடத்துக்கே வந்துவிட்டது.

சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். அப்பாவும் பிள்ளையும் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து நள்ளிரவு வரை பேசியிருக்கிறார்கள். வேறெந்த நாளும் அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

இரண்டாவது செய்தி. இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்ததுதான், செய்வதுதான் இல்லை. மனிதர் அனுப்பும் செய்திக்கு மட்டும் மணி அடிக்கட்டும். செயலி தானாக அனுப்பும் அறிவிப்புகள் அத்தனையையும் அமைப்புகளில் போய் அணைத்துவிடுங்கள். தானாக ஓடும் காணொளியை நிறுத்தும் விசை ஒன்று உண்டு, அதையும் தேடி அணையுங்கள். அன்று அது அணைந்திருந்தால் கணக்காசிரியர் அணைக்கட்டுக்கே போயிருக்க மாட்டார். கைபேசிக்கு மின்னூட்டும் இடம் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். பிடித்த தளங்களில் வரும் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஆர்.எஸ்.எஸ். (RSS) ஓடையில் அவற்றைச் சேர்த்துக்கொண்டால், எதைப் படிப்பது என்று நீங்கள் முடிவு செய்யலாம். 1999இல் வந்த பழைய நுட்பம்தான், இன்றும் வேலை செய்கிறது.

‘ஒரு வாரம் இணையமே வேண்டாம்’ என்று விரதம் இருப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எட்டாம் நாள் காலையில் விட்டதற்கெல்லாம் சேர்த்துப் பார்த்துவிடுகிறார்கள். சும்மா இரு என்று சொன்னால் கை கேட்காது. கட்டைவிரலுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். அதனால் மூன்றாவது செய்தியைத் தாண்டி நான்காவதற்குப் போகிறேன். நூலகர் அம்மையார் என்னைப் பார்க்கிறார்கள். எந்தப் பக்கம் போகிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இணையத்தில் நல்ல இடங்கள் குறைவில்லை, அவை கூவி அழைப்பதில்லை, அவ்வளவுதான். 1971இல் மைக்கேல் ஹார்ட் ஓர் ஆவணத்தைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்தார். அதுதான் நூல்களை இலவச மின்னூல்களாகத் தரும் குட்டன்பர்க் திட்டத்தின் தொடக்கம். 1996இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகத்தில், அழிந்துபோன வலைத்தளங்களைக்கூட இன்றைக்கும் புரட்டலாம். 2010 ஜனவரியில் ஹெய்தியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகரின் தெருக்களுக்குச் சரியான வரைபடம் இல்லை. உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத்தெருவாக வரைந்தார்கள். சில நாட்களில் மீட்புக் குழுவினர் கையில் அந்த வரைபடம் இருந்தது. அவர்களும் நம்மைப் போல வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்தவர்கள்தான்.

இன்னொருவர், நெதர்லாந்தில் பள்ளி ஆசிரியை, ஹன்னி வான் ஆர்க்கெல். 2007இல் தொடங்கிய கேலக்சி ஸூ என்ற தளத்தில் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பார்த்து, இது சுருளா நீள்வட்டமா என்று வகை பிரிக்கும் வேலையைப் பொதுமக்களிடமே கொடுத்தார்கள். பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு படத்தில் இனம் தெரியாத ஒளித்திட்டு இருப்பதைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். வானியலாளர்களிடம் உடனே பதில் இல்லை. பிறகு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியையே அந்தத் திசைக்குத் திருப்பினார்கள். அந்தப் பொருளுக்கு இன்று அவர் பெயர்தான்.

தமிழுக்கு வருவோம். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகின் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் இரவில் கண்விழித்து இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள். எல்லாக் கணினியிலும் தமிழைக் காட்டும் ஒருங்குறி (யூனிகோட்) பரவாத காலம், எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு 2005 முதல் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஓர் இணையத்தளம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். இவை எல்லாம் எறும்பு ஊர்ந்த தடம். இப்போது நான் எறும்பின் பக்கம் வந்துவிட்டேன்.

நான் உங்களிடம் கேட்க வந்தது விக்கிமூலத்துக்காக. நூல்களை உரையாகத் திரட்டி வைக்கும், விக்கிப்பீடியாவின் உடன்பிறப்புத் தளம் அது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்கே மின்வருடிய படங்களாக ஏறியிருக்கின்றன. படத்தில் இருக்கும் எழுத்தை எழுத்துணரி மென்பொருள் வாசித்து உரையாக்கிவிடும். ஆனால் அதன் வாசிப்பு இருக்கிறதே! துணைக்காலைப் பார்த்து ரகரம் என்று நினைத்துக்கொள்ளும். ‘வந்தான்’ என்பது ‘வந்தரன்’ ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல் என்றால் கேட்கவே வேண்டாம். கொம்பு போட்ட பழைய லையையும் னையையும் கண்டு தடுமாறும். நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த எழுத்துகள் அத்துப்படி. இங்கேதான் பாருங்கள், கைபேசியைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்று பேரன் கேலி செய்யும் அதே பெரியவர், மென்பொருளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் உட்காருகிறார்.

வேலை எளிது. பக்கத்தைத் திறந்தால் ஒருபுறம் உரை, மறுபுறம் மூலத்தின் படம். இரண்டையும் ஒப்பிட்டு, பிழையைத் திருத்திச் சேமிக்க வேண்டும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பாக இருக்கும். நீங்கள் பார்த்து முடித்தால் மஞ்சளாகும். வேறொருவர் மறுபடி சரிபார்த்தால் பச்சை. அந்தப் பச்சையை நீங்களே போட்டுக்கொள்ள முடியாது, இரண்டாவது கண் கட்டாயம். கணவன் மஞ்சளாக்கினால் மனைவி பச்சையாக்கலாம். சில வீடுகளில் இதனால் சண்டையும் வரும், ஒற்று மிகுமா மிகாதா என்று. வரட்டும். உண்மைவிளம்பியோடு போடும் சண்டையைவிட அது மேல்.

மறந்துவிட வேண்டாம், அந்தப் பக்கத்துக்கு முடிவு உண்டு. கடைசி வரி வந்ததும் கை தானாக நிற்கும். வேண்டுமானால் அடுத்த பக்கம், வேண்டாமென்றால் வணக்கம். ரஸ்கின் கழற்றிய கதவு அங்கே இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். ஒரு வருடத்தில் நடுத்தரமான ஒரு நூல் முடிந்துவிடும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று மூன்றாவது முறை சொன்னால் பேராசிரியர் எழுந்து போய்விடுவார், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

செயலாளர் துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டார். நேரம் முடிந்தது என்று எழுதியிருக்கிறார், அதிலும் ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. மெய்யையும் பொய்யையும் பிரிப்பது, பிள்ளைகளுக்குச் சொல்வது, இரண்டும் அடுத்த ஆண்டுக்கு, என்னை மறுபடி அழைத்தால்.

வாசலுக்கு இடப்பக்கம் உள்ள மேசையில் மடிக்கணினி ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறோம். பக்கத்தின் நிறத்தை மாற்றக் கணக்கு வேண்டும். தொடங்க ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் போதும், மின்னஞ்சல்கூடக் கட்டாயமில்லை. மூக்குக்கண்ணாடியை மறந்து வந்தவர்களுக்காகத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம். தலைவர் ஐயா முதல் பக்கத்தை மஞ்சளாக்கித் தருவதாக வாக்களித்திருக்கிறார். அதைப் பச்சையாக்க ஓர் ஆள் வேண்டும். கடைசி வரிசைத் தம்பி, நீங்கள் வாருங்கள், கைபேசியோடே வரலாம். நன்றி, வணக்கம்.