டிரம்மரே இல்லாத குழு, ஒலிப்பதிவுக்குக் கிராமி! 'பேப்பர் ஏர்ப்ளேன்' ஆல்பம்

[கருந்திரை. 'டக்… டக்…' ஒலி மட்டும்.]

இது டிரம்ஸ் இல்லைங்க, மாண்டலின்!

அமெரிக்கப் பாடகி அலிசன் கிராஸும் அவங்களோட யூனியன் ஸ்டேஷன் குழுவும் 2011-ல வெளியிட்ட ஆல்பம் 'பேப்பர் ஏர்ப்ளேன்'. 2012-ல சிறந்த புளூகிராஸ் ஆல்பத்துக்கான கிராமி இதுக்குக் கிடைச்சதுல ஆச்சரியமில்லை. கிளாசிக்கல் அல்லாத எல்லா வகை இசைக்கும் பொதுவான சிறந்த ஒலிப்பதிவு விருதையும் இதுவே தட்டிட்டுப் போச்சு! பதிவு பண்ணவங்கள்ல ஒருத்தர் மைக் ஷிப்லி. டெஃப் லெப்பர்ட்ங்கிற ராக் குழுவோட 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தை மிக்ஸ் பண்ண அதே ஆள். மலை மாதிரி டிரம்ஸ் ஒலிக்குப் பேர்போன கை, டிரம்மரே இல்லாத ஐவர் குழுவுக்கு வந்திருக்கு.

புளூகிராஸ்னா 1940-கள்ல கென்டக்கிக்காரர் பில் மன்றோ வடிவம் கொடுத்த, தந்திக் கருவிகளை மையமா வெச்ச அமெரிக்க இசை. வரலாறு இன்னைக்கு இவ்வளவு போதும்.

சரி, டிரம்ஸ் இல்லாம தாளம் எப்படி நிக்குது?

[திரையில்: 1 – 2 – 3 – 4]

நாலு அடியில ஒண்ணு, மூணு டபுள் பாஸுக்கு. ரெண்டு, நாலு மாண்டலினுக்கு. அந்த அடிக்குப் பேர் 'சாப்'. மாண்டலின்னா நமக்கு உடனே யு. ஸ்ரீனிவாஸ்தான். கமகம் நீளணும்னு அவர் எலக்ட்ரிக் மாண்டலின்ல அஞ்சு ஒற்றைத் தந்தி போட்டார். இங்க நேர் எதிர். நாலு ஜோடியா எட்டுத் தந்தி, சுரம் பிறந்த நொடியே அடங்கணும்! எனக்கு இந்தக் கருவியிலேயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

கையில மாண்டலின் இருந்தா எடுங்க. ஜி கார்டுக்குத் தடித்த ஜோடியிலிருந்து 7, 5, 2, 3-ஆம் ஃப்ரெட் (கழுத்துல இருக்கிற உலோகக் கட்டை). பிக் (தந்தியை மீட்டற சின்னத் தகடு) ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாம இருக்கட்டும். மெல்லிசா இருந்தா வளைஞ்சு 'சரக்'னு உரசும். மேலிருந்து கீழே ஒரே வீச்சு. அடிச்ச உடனே இடது கை அழுத்தத்தை விடுங்க, ஆனா விரல் தந்தியைத் தொட்டுக்கிட்டே இருக்கணும். முழுசா எடுத்துட்டா தந்தி 'ங்ஙீ'ன்னு இழுக்கும். ஒரு ஜோடியை அழுத்தாம விட்டாலும் அதேதான்; திறந்த தந்தியை அடக்க அங்க விரலே கிடையாது. அதனாலதான் நாலு ஜோடியும் விரலுக்கடியில இருக்கிற கார்டா தேடறாங்க.

பதிவு பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மைக்கை எஃப் வடிவத் துளைக்கு நேரா வைக்காதீங்க, 'கும்'முனு வரும். கழுத்து உடலோட சேர்ற இடத்தைப் பார்த்து சுமார் 25 செ.மீ. தள்ளி வைங்க. பக்கத்துல பாஞ்சோ இருந்தா அதோட மைக் இதிலிருந்து குறைஞ்சது 75 செ.மீ. தள்ளி இருக்கட்டும். நெருங்கினா ஒரே ஒலி ரெண்டு மைக்லயும் சற்று முன்பின்னா விழுந்து ஒண்ணையொண்ணு அழிக்கும், மாண்டலின் சப்புனு ஆயிடும். ஒலியோட ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரஸர்ல, அது வேலையைத் தொடங்க எடுக்கிற அட்டாக் நேரத்தை ரொம்பக் குறைச்சாலும் போச்சு, அந்த 'டக்'கோட முனையே மழுங்கிடும்.

மடியில படுக்க வெச்சு வாசிக்கிற கிட்டார் வகையான டோப்ரோவில இந்தக் குழுவோட ஜெர்ரி டக்ளஸ் பண்றது தனி வீடியோவுக்கான விஷயம். வேணும்னா கமெண்ட்ல கேளுங்க.

இப்ப ஹெட்ஃபோன் மாட்டி ஆல்பத்தைப் போடுங்க. முதல் தடவை பாரி பேல்ஸோட பாஸை மட்டும் பிடிங்க. ரெண்டாவது தடவை, பாஸுக்கும் பாஸுக்கும் நடுவுல யார் அடிக்கிறாங்கன்னு கவனிங்க.